கவுண்டரில் கழற்றி வைத்த உத்தரியங்கள்

குற்றாலத்திலிருந்து ஐந்தருவிக்குப் போகும் வழியில், ரோட்டை விட்டுச் சற்று உள்ளே தள்ளி, ஒரு தென்னந்தோப்பு ஓரத்தில் இருக்கும் அரசு மதுக்கடையில் நான் சேல்ஸ்மேன். ஞாயிற்றுக்கிழமை காலைப் பூசையில் எங்கள் பங்குக் கோவிலில் முதல் வாசகம் வாசிப்பவனும் நான்தான். காலையில் வேதத்தையும் மத்தியானத்துக்கு மேல் பிராந்தியையும் ஒரே கையால் எடுத்துக் கொடுப்பதில் இருபது வருடமாக யாருக்கும் எந்தச் சங்கடமும் இருந்ததில்லை. எனக்கு மட்டும் எப்போதாவது உள்ளே அரிக்கும். பெரிய மனசாட்சிப் போராட்டம் என்று நினைத்துவிட வேண்டாம். கொசுக்கடி அளவுதான்.

வேதியியல் படித்துவிட்டு வேலை இல்லாமல் திரிந்த காலத்தில் மாதாவிடம் அரசாங்க வேலை கேட்டு வேண்டிக்கொண்டேன். எந்தத் துறை என்று குறிப்பிடாமல் விட்டது என் தவறு. தென்காசியில் என்னோடு நேர்முகத்துக்கு வந்தவர்களில் பாதிப் பேர் பட்டதாரிகள். பிராந்திக்கும் ரம்முக்கும் வித்தியாசம் தெரியாத பையன்களாகப் பார்த்து எடுத்தார்கள். இன்றுவரை நான் ஒரு சொட்டு குடித்ததில்லை. அதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்ததும் உண்டு. மிட்டாய்க் கடைக்காரனுக்கு சர்க்கரை வியாதி இல்லை என்பதில் என்ன பெருமை இருக்கிறது என்று இப்போது தோன்றுகிறது.

வேலைக்குச் சேர்ந்த புதிதில், அந்த அரிப்பு தாங்காமல், அப்போதிருந்த வயதான பங்குச் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில் போய் முழங்கால் போட்டேன்.

"சாமி, நான் ஒயின் ஷாப்புல வேல பாக்குதேன். அது பாவமா?"

"நீ குடிக்கியா?"

"இல்ல சாமி."

"பாட்டிலு வெலைக்கி மேல கூட வச்சி வாங்குதியா?"

எங்கள் தொழிலில் அந்தக் கேள்விக்கு யாரும் வாய் திறப்பதில்லை.

"அதாம்லே பாவம். எத்தன தடவ?"

பாவத்தைச் சொன்னால் எண்ணிக்கையையும் சொல்ல வேண்டும் என்பது எங்கள் சபையின் சட்டம். நான் யோசித்துவிட்டு, "சீசன்லயா சாமி, சாதா நாள்லயா?" என்று கேட்டேன். மரத்தடுப்புக்கு அந்தப் பக்கம் அவர் சிரித்த சத்தம் எனக்குக் கேட்டது. ஒரு ஜெபமாலை சொல்லச் சொல்லி அனுப்பிவிட்டார். ஆக, விற்பதில் குற்றம் இல்லை, கூட வைத்து விற்பதுதான் குற்றம் என்ற தெளிவோடு வீட்டுக்கு வந்தேன். கொஞ்ச நாள் கூட வைத்து விற்காமலும் இருந்தேன். அந்தக் கொஞ்ச நாளில் நான் புனிதனாகிவிட்டதாகவே எனக்கு ஒரு நினைப்பு.

பிறகு அவர் மாறிப் போய், ரோமாபுரியில் ஒழுக்கவியல் படித்த இளஞ்சாமியார் ஒருவர் பங்குக்கு வந்தார். நல்ல மனிதர். ஆனால் எதைக் கேட்டாலும் பிரித்துப் பிரித்துத்தான் பதில் சொல்வார். எங்கள் தெருக் குடும்பங்கள் மாதம் ஒரு வீட்டில் கூடி ஜெபிக்கிற அன்பியக் கூட்டம் ஒருமுறை என் வீட்டில் நடந்தபோது, காபி குடித்துக்கொண்டிருந்தவரிடம் அதே கேள்வியைக் கேட்டேன். அவர் காபியைக் கீழே வைத்துவிட்டு விரல்களை நீட்டினார்.

"குடிப்பது பாவமில்லை. கானாவூர்க் கல்யாணத்தில் ஆண்டவரே தண்ணீரைத் திராட்சை ரசமாக்கிக் கொடுத்திருக்கிறார். குடித்து வெறிப்பதுதான் பாவம். அந்தப் பாவத்துக்கு நீங்கள் உடந்தை. ஆனால் உடந்தையில் பல வகை இருக்கிறது. நேரடி உடந்தை, மறைமுக உடந்தை, பக்கத்து உடந்தை, தூரத்து உடந்தை. முகம் தெரியாத ஆயிரம் பேருக்கு விற்கிற நீங்கள் தூரத்து உடந்தை."

தூரத்துச் சொந்தம் மாதிரி என்று எனக்குப் புரிந்தது. கல்யாணத்துக்குப் போனாலும் சரி, போகாவிட்டாலும் சரி, யாரும் கேட்க மாட்டார்கள். மனசு லேசாகி, அவருக்கு இன்னொரு முறுக்கு எடுத்து வைத்தேன். அவர் முறுக்கை எடுத்துக்கொண்டு, போகிற போக்கில், "ஆனால் குறிப்பிட்ட ஒருவன் இதனால் கெடுவான் என்று தெரிந்தே அவனுக்குக் கொடுத்தால் அது பக்கத்து உடந்தை ஆகிவிடும்" என்றார். எனக்கு வேண்டியது முதல் பாதியிலேயே கிடைத்துவிட்டதால் இரண்டாம் பாதியை நான் சரியாகக் காதில் வாங்கவில்லை.

கோவில் திருவிழாவுக்கு வாணவேடிக்கை உபயம் செய்கிறவர் குற்றாலத்தில் பார் ஏலம் எடுத்தவர். மைக்கில் அவரைத் 'தொழிலதிபர்' என்றுதான் சொல்வார்கள், என்ன தொழில் என்று சொல்ல மாட்டார்கள். எங்கள் பங்கில் பாதி வீடுகளில் பெண்கள் மடியில் முறத்தை வைத்துக்கொண்டு பீடி சுற்றுகிறார்கள். பீடியைப் பற்றி எந்தச் சாமியாரும் ஒரு பிரசங்கம் வைத்து நான் கேட்டதில்லை. வைத்தால் அடுத்த ஞாயிறு காணிக்கைத் தட்டு சத்தம் போடாமல் திரும்பி வரும். இந்த ஊரில் நுரையீரல் பெண்கள் கணக்கு, ஈரல் என் கணக்கு. ஆனால் கெட்ட பெயர் மட்டும் எனக்கு. இதையெல்லாம் அடுக்கி வைத்துக்கொண்டு, கேட்காதவர்களிடம்கூட நான் நியாயம் பேசிக்கொண்டிருந்த காலம் அது.

அந்த அன்பியக் கூட்டம் முடிந்து எல்லோரும் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தபோது ஒரு பெண் அடுப்படிக்கு வந்தாள். எங்கள் தெருவில் நாலு வீடு தள்ளி இருப்பவள். பீடி சுற்றுகிறவள். அவள் புருஷன் கன்னியாஸ்திரீகள் நடத்தும் ஒரு பள்ளிக்கூடத்தில் வேன் டிரைவர். முந்தின சீசனில் அவன் குடித்துவிட்டு ஓட்டி, பிள்ளைகள் இருக்கும்போதே வேனை ஒரு வாய்க்கால் பாலத்தில் உரசிவிட்டான். யாருக்கும் காயம் இல்லை. அன்றைக்கு முன் சீட்டில் உட்கார்ந்திருந்தது அவன் மகளேதான், நாலாம் வகுப்பு. தலைமைச் சிஸ்டர் சாவியைப் பிடுங்கிவிட்டார்கள். இவள் போய் அழுது, மாதக்கணக்கில் நடையாக நடந்து, அந்த வேலையைத் திரும்ப வாங்கியிருந்தாள்.

"அண்ணாச்சி, ஒண்ணு கேக்கணும். அவிய உங்க கடைக்கி வந்தா குடுக்காதீய. வேற கடைக்கி நடந்து போக அவியளுக்குச் சோம்பல். நீங்க குடுக்கலன்னா பாதி நாளு விட்டுருவாவ."

"சரி தங்கச்சி" என்றேன்.

அவள் மறுபடியும், "பிள்ளையளு போற வண்டி அண்ணாச்சி" என்றாள்.

"சரின்னு சொல்லிட்டேம்லா" என்றேன். ஒரு சத்தியத்தைச் செய்கிறோம் என்ற எண்ணமே அப்போது எனக்கு இல்லை. பாத்திரம் கழுவ இடம் விடாமல் நின்றுகொண்டிருக்கிறாள் என்பதுதான் எண்ணமாக இருந்தது.

அந்த வருடம் கார்மேல் மாதா திருநாளில் இளஞ்சாமியார் ஒரு காரியம் செய்தார். கார்மேல் மாதா உத்தரியம் என்றால் எங்கள் ஆட்களுக்கு உயிர். பழுப்புத் துணியில் சிறிய சதுரங்கள் இரண்டு, ஒன்று நெஞ்சிலும் ஒன்று முதுகிலும் கிடக்கும்படி கயிற்றில் கோத்தது. அதை அணிந்தபடி சாகிறவன் நித்திய நெருப்பில் விழ மாட்டான் என்று நம்பிக்கை. அந்தத் திருநாள் சரியாகக் குற்றாலச் சீசன் நடுவில் வரும். சாரல் விழுந்து அருவியில் தண்ணீர் கொட்டுகிற நாட்களில் எங்கள் பங்கு ஆண்கள் பாதிப் பேர் வேறு தண்ணீரில் மிதப்பார்கள். அதனால் சாமியார், இனிக் குடிப்பதில்லை என்று பீடத்தின் முன் சத்தியம் செய்கிறவர்களுக்கு மட்டும் மந்திரித்த உத்தரியத்தைத் தம் கையால் போட்டுவிடுவதாக அறிவித்தார்.

இருபது பேருக்கு மேல் வரிசையில் வந்தார்கள். எல்லோருமே என் வாடிக்கையாளர்கள். கடையிலும் இதே வரிசையில்தான் நிற்பார்கள், ஆனால் இவ்வளவு அமைதியாக நிற்க மாட்டார்கள். நான் மைக்கில் சத்திய வாசகத்தை ஒவ்வொரு வரியாகச் சொல்ல, அவர்கள் திருப்பிச் சொன்னார்கள். ஆமாம், சொல்லிக்கொடுத்தது நான்தான். பங்கில் குரல் நன்றாக இருப்பது எனக்குத்தான். வேன் டிரைவர் நாலாவதாக நின்றான். அவன் மனைவி பெண்கள் பக்கத்தில் முக்காட்டைப் பிடித்துக்கொண்டு அழுதாள். தலைமைச் சிஸ்டரும் வந்திருந்தார்கள். மறுநாள் முதல் தினமும் காலையில் அவன் சட்டைக் காலரை விலக்கிக் கழுத்தைக் காட்ட வேண்டும், உத்தரியம் இருந்தால் சாவி, இல்லாவிட்டால் வீட்டுக்குப் போகலாம் என்று ஏற்பாடு. ரோமாபுரியில்கூட இப்படி ஒரு சோதனைச் சாவடி இருக்காது.

நாலு நாள் கழித்து, சாயங்காலம் ஆறு மணிக்கு, வேன் டிரைவர் கவுண்டர் கம்பிக்கு முன்னால் வந்து நின்றான். பள்ளிக்கூட நடை முடிந்துவிட்டது. வேனைப் பள்ளியில் விட்டுவிட்டுத்தான் வந்திருந்தான். பணத்தை நீட்டுவதற்கு முன்னால் சட்டைக்குள் கைவிட்டு உத்தரியத்தைக் கழற்றி, முத்தம் கொடுத்து, கம்பி இடைவெளியில் நீட்டினான்.

"இத வச்சுக்கிடுங்க அண்ணாச்சி. போறப்பம் வாங்கிக்கிடுதேன்."

"என்னதுலே இது?"

"மாதாவ பாருக்குள்ள கூட்டிட்டுப் போவ முடியுமா? பேன்ட் பையிலயும் வைக்கக் கூடாது. மந்திரிச்ச சாமானு. நீங்க கோவில்ல வாசிக்கிற ஆளு, உங்க கையில இருந்தா தோசம் இல்ல."

எனக்குச் சிரிப்பு வந்தது. கோபமும் வந்திருக்க வேண்டும். ஆனால் வரிசையில் பின்னால் ஐம்பது பேர். அருவியில் குளித்துவிட்டு ஈரத் துண்டோடு நிற்கும் மதுரைக்காரர்கள், செங்கோட்டை வழியாக வந்த சேட்டன்மார்கள், எல்லோரும் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்கள். அவன் இருபத்தொரு வயதைத் தாண்டியவன். பணம் கையில் வைத்திருக்கிறான். இப்படிப்பட்டவனுக்கு இல்லை என்று சொல்ல அரசாங்க விதியில் இடம் இல்லை. வேன் பள்ளியில் நிற்கிறது. நாளைக் காலைக்குள் தெளிந்துவிடுவான். இத்தனை நியாயமும் ஒரு குவார்ட்டரை அலமாரியிலிருந்து எடுக்கிற நேரத்துக்குள் எனக்குத் தோன்றிவிட்டது. அவன் மனைவிக்குச் சொன்ன 'சரி' மட்டும் தோன்றவில்லை. தோன்றியது, தள்ளிவிட்டேன் என்று சொல்வதுதான் சரி.

ஒன்றரை மணி நேரம் கழித்து வந்து உத்தரியத்தை வாங்கி, மறுபடியும் முத்தம் கொடுத்து, கழுத்தில் போட்டுக்கொண்டு போனான். வழியில் வண்டியில் அடிபட்டுச் செத்தால்கூட மோட்சம். அவன் அந்த ஏற்பாட்டை எவ்வளவு தெளிவாக யோசித்திருக்கிறான் என்று எனக்கு ஆச்சரியமாகவே இருந்தது. ரோமாபுரிச் சாமியாருக்கே இவ்வளவு வகைப் பிரிப்பு வராது.

நல்ல யோசனை என்றால் நம்மவர்கள் பரப்பாமல் இருப்பார்களா? ஒரு வாரத்துக்குள் சத்தியம் செய்தவர்களில் பத்துப் பதினைந்து பேர் என்னிடம் உத்தரியத்தைக் கழற்றிக் கொடுத்துவிட்டு பாருக்குள் போனார்கள். முதலில் கல்லாப் பெட்டி மேல் வைத்தேன். சில்லறையோடு கிடப்பது மரியாதையாக இல்லை. உயர்ந்த ரக விஸ்கி ஒன்று, உள்ளே நீல வெல்வெட் விரித்த பெட்டியில் வரும். காலிப் பெட்டி ஒன்றைத் துடைத்து, ஒரு மூலையில் மாதா படம் ஒட்டி, அதில் உத்தரியங்களை வைக்கத் தொடங்கினேன். கூட வேலை பார்க்கும் கீழப்பாவூர்க்காரன் நரசிம்மரைக் கும்பிடுகிறவன். அவன்கூட அந்தப் பெட்டியைத் தாண்டும்போது கையை நெஞ்சில் வைத்துக்கொள்வான். "ஒங்க கோவில் கிளையே இங்கன தொறந்துட்டீயளே அண்ணாச்சி" என்பான். எனக்கு அதில் ஒரு பெருமையும் இருந்தது. ஆண்கள் என்னை நம்பி எதையோ ஒப்படைக்கிறார்கள் என்ற பெருமை. வெட்கத்தோடு சொல்கிறேன்.

அங்கே வீட்டில் வேன் டிரைவரின் மனைவி தினமும் இரவு அவன் படுத்த பிறகு கழுத்தைத் தடவிப் பார்ப்பாளாம். உத்தரியம் இருக்கும். வாயில் பாக்கு வாடை இருக்கும். உத்தரியம் இருக்கும்போது குடித்திருக்க மாட்டான் என்று நம்புவாள். அவளுடைய நம்பிக்கைக்கும் அவனுடைய நம்பிக்கைக்கும் நடுவில் என் வெல்வெட் பெட்டி இருந்தது.

பிறகு ஒரு வெள்ளிக்கிழமை. விடியும்போதே மலையைக் காணோம், அவ்வளவு சாரல். நான் கடை திறந்து ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை, வேன் டிரைவர் வந்து நின்றான். மணி ஒன்று இருக்கும்.

"ஏலே, வேன் எங்க?"

"இன்னைக்கி மழைக்கி லீவு விட்டுட்டாவ அண்ணாச்சி."

என் பக்கத்து வீட்டுப் பையன் அன்று காலையில் சீருடை போட்டு, முதுகில் பையோடு, குடையைச் சுழற்றிக்கொண்டு போனதை நான் பார்த்திருந்தேன். அவனும் அதே பள்ளிதான். அவனைப் பார்த்து, "மழையில நனையாமப் போலே" என்று சொல்லவும் செய்திருந்தேன். இருந்தும் டிரைவர் சொன்னதை நம்பினேன். நம்புவது எனக்கு வசதியாக இருந்தது. உத்தரியத்தை வாங்கிப் பெட்டியில் வைத்தேன், குவார்ட்டரை எடுத்துக் கொடுத்தேன்.

மூன்று மணிக்கு அவன் அவசரமாக வந்து கையை நீட்டினான். லீவு நாளில் இவனுக்கு என்ன அவசரம் என்று நான் கேட்கவில்லை. கூட்டம் முட்டிக்கொண்டிருந்தது. பெட்டியில் அன்றைக்கு ஏழெட்டு உத்தரியங்கள் கிடந்தன. எல்லாம் ஒரே கன்னியர் மடத்தில் தைத்தவை, ஒரே பழுப்பு, ஒரே கயிறு. கைக்கு வந்ததை எடுத்து நீட்டினேன். அவன் போட்டுக்கொண்டு ஓடினான்.

அன்று ஒன்றும் நடக்கவில்லை. பிள்ளைகள் எல்லோரும் வீடு போய்ச் சேர்ந்தார்கள். அந்த ஈர ரோட்டில், அந்த வளைவுகளில், அத்தனை பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு அவன் ஓட்டியிருக்கிறான். அன்று சாயங்காலம் அது எதுவும் எனக்குத் தோன்றவில்லை. நான் பஜ்ஜி தின்றுகொண்டிருந்தேன்.

மறுநாள் சனிக்கிழமை மத்தியானம் அவள் கடைக்கு வந்தாள். சீசன் சனிக்கிழமை எப்படி இருக்கும் என்று தென்காசிக்காரர்களுக்குத் தெரியும். வரிசை தோப்பைச் சுற்றி நின்றது. அவள் முக்காடு போட்டு, கோவிலுக்கு வருகிற மாதிரியே வந்தாள். ஒருவரையும் தள்ளவில்லை, ஒன்றும் கேட்கவில்லை. வரிசை தானாக விலகியது. சாமியார் நற்கருணை எடுத்து வரும்போதுகூட எங்கள் ஆட்கள் இவ்வளவு சீக்கிரம் வழிவிட்டு நான் பார்த்ததில்லை. எங்கள் பங்குக்காரர்கள் இரண்டு பேர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு மரத்துக்குப் பின்னால் போனார்கள்.

எல்லோரும் பணம் நீட்டுகிற அதே இடைவெளியில் அவள் ஓர் உத்தரியத்தை நீட்டினாள்.

"இது எங்க வீட்டுது இல்ல அண்ணாச்சி. மாறிப் போச்சு. எங்களுதக் குடுங்க."

"எப்படித் தங்கச்சி…" என்று இழுத்தேன்.

"பாத்திரத்துக்குப் பேரு வெட்டுத மாதிரி, எங்களுதுல பின்பக்கம் செவப்பு நூலுல பிள்ள பேரோட மொத எழுத்தத் தச்சி வச்சிருக்கேன். நேத்து ராத்திரி தடவுனேன், இல்ல. எங்கன கழட்டுனீயன்னு அவியகிட்டக் கேட்டேன். அண்ணாச்சி கையிலதான் பத்திரமா இருந்திச்சுன்னு சொல்லுதாவ."

நான் வெல்வெட் பெட்டியைத் திறந்து கம்பி வழியாகக் காட்டினேன். வேறு என்ன செய்ய? அதிகாலையிலேயே சுற்றுலாக்காரர்களை அருவிக்கு ஏற்றி இறக்கிவிட்டு, வரிசைக்கு முன்னாலேயே பாருக்குள் போய்விட்ட ஆட்டோக்காரர்கள் இரண்டு பேருடைய உத்தரியம், முந்தின நாள் மறந்து விட்டுப் போனவர்களுடையது என்று நாலைந்து கிடந்தன. அவள் ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தாள். பீடிக்கு இலை பார்க்கிற பழக்கம், விரல் வேகமாக ஓடியது. நான்காவதில் சிவப்பு நூல் இருந்தது. நான் அத்தனை நாளும் அதைக் கையில் வாங்கியிருக்கிறேன், ஒருநாளும் திருப்பிப் பார்த்ததில்லை.

அதை மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். திட்டப் போகிறாள் என்று நினைத்தேன். திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தேன். தூரத்து உடந்தை, அரசாங்க விதி, கானாவூர்க் கல்யாணம் எல்லாம் தயாராக வைத்திருந்தேன். அவள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"நேத்து குடிச்சது மத்தியானமா, சாயந்தரமா?"

பொய் சொல்ல எனக்கு வாய் வந்தது. சொல்லியும் இருப்பேன். அவள் பார்வை என் முகத்தில் இருந்து அசையவில்லை.

"மத்தியானம்" என்றேன்.

தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டாள். நேராகப் பள்ளிக்கூடத்துக்குத்தான் போயிருக்கிறாள். தலைமைச் சிஸ்டர் மேஜை மேல் அந்த உத்தரியத்தை வைத்து, "இனி அவியளுக்குச் சாவி குடுக்காதீங்க சிஸ்டர்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டாள். மாதக்கணக்கில் அழுது வாங்கின வேலையை அவளே போய்த் திருப்பிக் கொடுத்தாள். வேலை போனால் அடுப்பு எப்படி எரியும் என்று என்னைவிட அவளுக்குத்தான் தெரியும். ஊர்ப் பிள்ளைகளை நினைத்து அவள் அதைச் செய்தாள். ஒரு 'இல்லை' சொன்னால் எனக்கு என்ன நஷ்டம் வந்திருக்கும்? சம்பளம் குறையாது, ரேஷன் கார்டை வெட்ட மாட்டார்கள். அவன் முனகிக்கொண்டு போயிருப்பான், அவ்வளவுதான்.

நான் பெட்டியை எடுத்துக்கொண்டு போய்ச் சாமியாரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். இனி வாசகம் வாசிக்க வேண்டாம் என்று சொல்லுவார் என்று எதிர்பார்த்தேன். உண்மையில் அதைக் கேட்கத்தான் போனேன். அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டு, இது பக்கத்து உடந்தைதான், சந்தேகமில்லை என்றார். செய்ததற்கு மனம் வருந்தச் சொன்னார், பாவ மன்னிப்பு கொடுத்தார். பிறகு எழுந்து நின்று, "அடுத்த ஞாயிறு ஆயர் வருகிறார். வாசகத்தை இரண்டு தடவை படித்துப் பார்த்துவிட்டு வாருங்கள்" என்றார். உத்தரியங்களை உரியவர்களிடம் சேர்த்துவிடுவதாகச் சொல்லி வாங்கி வைத்துக்கொண்டார். விஸ்கிப் பெட்டி நன்றாக இருக்கிறது, நற்கருணைத் துணிகள் வைக்க ஆகும் என்று, கோவில் வேலைகளைப் பார்க்கும் கோவில்பிள்ளை கேட்டு வாங்கிக்கொண்டார்.

திங்கட்கிழமை சாயங்காலம் வேன் டிரைவர் வரிசையில் நின்று வந்தான். கழுத்தில் ஒன்றும் இல்லை. பணத்தை நீட்டினான்.

"உனக்கு இல்லலே" என்றேன். இருபது வருடத்தில் நான் சொன்ன முதல் 'இல்லை' அது.

அவன் என்னை மேலும் கீழும் பார்த்தான். கோபப்படவில்லை. "இப்பம் எதுக்கு அண்ணாச்சி?" என்றான். "இப்பம் என் கையில வண்டி இல்லல்லா."

பக்கத்துக் கவுண்டருக்கு நகர்ந்தான். கீழப்பாவூர்க்காரன் என் முகத்தைப் பார்த்துவிட்டு, வேறு வழியில்லாமல் எடுத்துக் கொடுத்தான். பிள்ளைகளை ஏற்றிக்கொண்டிருந்தவனுக்கு அள்ளிக் கொடுத்துவிட்டு, யாரையும் ஏற்றாதவனுக்கு மறுத்த வீரன் நான்.

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் நான் வாசிக்கும்போது அவள் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். எழுந்து போகவில்லை, முகத்தைத் திருப்பவில்லை. வாசிக்கும்போது தடுமாறியது நான்தான். டிரைவர் கூலிக்கு ஆட்டோ ஓட்டினான், சில நாள் ஓட்டவில்லை. மகள் பள்ளிக்கு நடந்து போனாள்.

இந்த வருடம் காலி பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் பத்து ரூபாய் என்று எங்கள் கடையிலும் திட்டம் வந்துவிட்டது. பாட்டில்களை வாங்கி, ஸ்டிக்கரைப் பார்த்து, சாக்கில் அடுக்க வெளியே ஒரு ஆள் போடச் சொன்னார்கள். ஆள் தேடிக்கொண்டிருந்தோம். போன ஞாயிறு பூசை முடிந்து நான் பைக்கை எடுக்கப் போனபோது அவள் அங்கே நின்றாள்.

"அண்ணாச்சி, உங்க கடையில பாட்டிலு வாங்குததுக்கு ஆளு தேடுதீயளாமே. எனக்குச் சொல்லி விடுதீயளா? பீடிக்கடையில வாரத்துக்கு மூணு நாளுதான் எல தாராவ."

"அது உனக்குச் சரிப்படாது தங்கச்சி" என்றேன் பதறிப்போய். "குடிகாரப் பயலுவ வந்து நிப்பானுவ. கோவிலுக்குப் போற பொம்பள, அங்கன போயி…"

"ஏன், பாவமா அண்ணாச்சி?"

அவள் நிஜமாகவே கேட்டாள். ஊரில் இந்தக் கேள்விக்கு இரண்டு சாமியார்களிடம் பதில் வாங்கி வைத்திருக்கிற ஒரே ஆள் நான்தான். "இல்ல" என்றேன்.

"அப்பம் சொல்லி விடுங்க. நெறஞ்சத நீங்க குடுங்க, காலிய நான் வாங்கிக்கிடுதேன். அவியளும் அங்கனதான குடிக்காவ. எப்பம் குடிக்காவ, எத்தன பாட்டிலுன்னாவது எனக்குத் தெரியும்."

சொல்லிவிட்டு மகள் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். அவள் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் நான் ஏதாவது பதில் சொல்லியிருப்பேன்.